1956ஆம் ஆண்டு பங்களா, கையில் 25,000 டொலர்: எதில் தொடங்கலாம்?

புதுவீட்டுக்காரி:
வணக்கம். ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் 1956இல் கட்டிய பங்களா, அதாவது மாடியில்லாத வீடு ஒன்றை வாங்கினோம். முதல் வின்டரிலேயே வீடு தன் குணத்தைக் காட்டிவிட்டது. ஹோலில் தேர்மோஸ்ரற் 22 காட்டும், பிள்ளைகளின் அறையில் சொக்ஸ் இல்லாமல் தரையில் கால் வைக்க முடியாது. பெப்ரவரியில் பீலியோரம் முழுக்க ஐஸ் கட்டி முன்வாசலுக்கு மேலே தொங்கியது. கையில் 25,000 டொலர் இருக்கிறது, கடன் எடுக்க விருப்பமில்லை. யன்னல்காரர் பத்து யன்னலுக்கு 14,000 கேட்கிறார். இவருக்கோ பேஸ்மென்றை முடித்து வாடகைக்கு விட ஆசை. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸும் பழசு. எதை முதலில் செய்வது?

கூரைக்காரன்:
தங்கச்சி, யன்னலில் தொடங்காதீர்கள். கூரையிலும் அதற்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள அற்றிக்கிலும் வேலை செய்தே இந்த நாட்டில் பிள்ளைகளைப் படிப்பித்தவன் நான், அந்தப் பக்கச்சார்பு எனக்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் சொன்ன ஐஸ் பீலியின் குற்றமில்லை. வீட்டுச் சூடு அற்றிக்குள் கசிந்து கூரையிலிருக்கும் பனியை உருக்குகிறது. அந்தத் தண்ணீர் விளிம்புக்கு வரும்போது கீழே சூடு கிடையாது, மறுபடி உறைந்துவிடும். பின்னால் தேங்குகிற தண்ணீர் கூரையில் பதித்த சிங்கிள் தகடுகளுக்கு அடியால் ஏறி உள்ளே இறங்கும். எந்த யன்னலும் இதைத் தடுக்காது.

நல்ல குளிர்நாள் ஒன்றில் அற்றிக் மூடியைத் திறந்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இறங்க வேண்டாம், தலையை நீட்டினால் போதும். கூரைப் பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி நுனிகளில் வெள்ளையாக உறைபனி பிடித்திருந்தால் குளியலறை, சமையலறை ஈரமெல்லாம் மேலேதான் போகிறது. பழைய வீடுகளில் குளியலறை ஃபானின் குழாய் வெளியே போகாமல் அற்றிக்கிலேயே முடிந்திருப்பதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அதைக் கூரைக்கு வெளியே எடுக்கப் பெரிய செலவில்லை.

முதலில் ஓட்டைகளை அடைக்க வேண்டும்: மூடியின் விளிம்பு, வயர் போகும் துளைகள், கழிவுக் குழாயைச் சுற்றிய இடைவெளி, சீலிங் விளக்குகள். அதற்குப் பிறகுதான் சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன். R என்பது அது சூட்டைத் தடுக்கும் அளவு. R-60 வரை ஏற்றச் சொல்லுங்கள், காகிதத் தூளில் செய்த செலுலோஸ் என்றால் ஏறத்தாழ 16, 17 அங்குலம். கூரை விளிம்பின் அடியிலுள்ள சோஃபிற் காற்றுவழியை மூடாதபடி தடுப்பு வைக்கிறார்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முழிக்கிற ஆளை அனுப்பிவிடுங்கள்.

ஃபேர்னஸ் இன்னும் ஓடுகிறது என்றால் இந்த வேலை முடிந்த பிறகு மாற்றுங்கள், சின்ன சைஸே போதுமென்று வரலாம். கதவைத் தட்டி விற்க வருபவரோடு கதைக்கவே வேண்டாம். ஒன்ராறியோவில் ஃபேர்னஸ், வோட்டர் ஹீற்றர் போன்றவற்றை அப்படி விற்பது 2018 மார்ச்சிலிருந்து தடை.

பேஸ்மென்ற் விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரரோடு சண்டை மூட்ட எனக்கு விருப்பமில்லை. என்றாலும் வசந்தத்தில் பனி உருகும்போது சுவரைத் தடவிப் பாருங்கள். உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி கையில் ஒட்டினால் அந்தச் சுவருக்குள் தண்ணீர் வருகிறது. அதன்மேல் ட்ரைவோல் பலகை அடித்தால் பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுக்கிறீர்கள். பீலித் தண்ணீரை அத்திவாரத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விடுவது இருப்பதிலேயே மலிவான வேலை. கழிவுநீர் திரும்பி பேஸ்மென்றுக்குள் ஏறாமல் தடுக்கும் பாக்வோட்டர் வால்வுக்கு ரொறொன்ரோ மாநகரம் மானியம் தருகிறது.

கணக்கப்பிள்ளை:
அண்ணா சொன்னது சரி. நான் காசுப் பக்கம் மட்டும். அக்கா, உங்களிடம் இருப்பது 25,000 இல்லை. விலையெல்லாம் வரிக்கு முந்தியதாகவே சொல்வார்கள். 13% எச்எஸ்ரி விற்பனை வரி போனால் 22,100. பழைய வீட்டில் எதைத் திறந்தாலும் ஏதாவது வரும், அதில் 15% ஒதுக்குங்கள். மிச்சம் 18,800 அளவில்தான் வேலைக்கு. வாடகைக்கு விடும் பேஸ்மென்றுக்கு பேர்மிற், தீத்தடுப்பு, வெளியேறும் வழி எல்லாம் வேண்டும். இந்தக் காசுக்குள் அது அடங்காது.

கொன்ராக்ரரிடம் எஸ்ரிமேற்றை எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் எஸ்ரிமேற் இருந்தால் நீங்கள் சம்மதிக்காமல் அதற்கு மேல் 10% தாண்டி வாங்க முடியாது. ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10% பிடித்துவைக்க வேண்டும், வேலை முடிந்து 60 நாள் கழித்தே அது கைமாறும். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற ஆள் என்றால் நல்லது, முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

இப்படியான வேலைகளுக்கு மத்திய அரசு தந்த 5,000 டொலர் வரையான மானியம் 2024இல் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அதைச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். மாகாணத்தில் 2025 ஜனவரியில் வேறொரு திட்டம் தொடங்கியது. வேலை தொடங்கும் முன்பே அதன் நிபந்தனைகளை வாசித்துவிடுங்கள்.

புதுவீட்டுக்காரி:
இருவருக்கும் நன்றி. இவர் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், சமாளிக்கலாம். அண்ணா, மூடியைத் திறந்து பார்த்தேன். ஆணியில் உறைபனி இருக்கிறது. ஆனால் பஞ்சு மாதிரி ஒன்றும் இல்லை, சாம்பல் நிறத்தில் மினுங்கும் சின்னச் சின்னக் கல் பரப்பியிருக்கிறது.

கூரைக்காரன்:
மூடியை மூடுங்கள், இனித் திறக்க வேண்டாம். பழைய வீடுகளில் இன்சுலேஷனாகப் போட்ட வெர்மிகுலைற் போல இருக்கிறது, அதில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்ரஸ் நார் கலந்திருக்கலாம். கிளறாமல் விட்டால் பயமில்லை. கையால் அள்ளாதீர்கள், வக்யூமும் போடாதீர்கள். பரிசோதனைக்காரரைக் கூப்பிட்டு மாதிரி எடுத்து லாபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இருக்கிறது என்று வந்தால் அதற்கென்று பயிற்சி பெற்ற ஆட்கள்தான் அகற்ற வேண்டும், கணக்கப்பிள்ளை ஒதுக்கச் சொன்ன காசு அங்கேயே போய்விடும். ரிசல்ட் வரும்வரை யன்னல்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.