யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல் வெயிலில் வளையுமா, வளையாதா?

அளவுநாடா: "இனிமேல் அலுமினிய ஜன்னல் போடுபவன் ஏமாளி, மர ஜன்னல் போடுபவன் அவனைவிட ஏமாளி, வீடென்றால் யுபிவிசிதான்" என்று இந்த மன்றத்தின் பக்கத்து இழையில் வெள்ளைக்கதவு தீர்ப்பு எழுதியிருக்கிறார். பழைய ஜன்னலை மாற்றப்போகும் ஒருவர், பாவம், யோசனைதான் கேட்டார். எனக்கு ஒரே கேள்வி. மேற்குப் பார்த்த சுவர், மே மாதம், சென்னை. யுபிவிசி வளையுமா, வளையாதா?

வெள்ளைக்கதவு: வளையாது. நல்ல சட்டத்துக்குள்ளே துத்தநாகம் பூசிய இரும்பு ஓடுகிறது. பிளாஸ்டிக் இளக ஆரம்பிப்பதே 75 டிகிரி வாக்கில்தான். சென்னையில் 75 டிகிரி அடித்தால் ஜன்னலைப் பற்றிக் கவலைப்பட நீங்களும் இருக்க மாட்டீர்கள், நானும் இருக்க மாட்டேன்.

அளவுநாடா: அடடா! வானிலை அறிக்கையில் சொல்வது நிழலில் இருக்கும் காற்றின் வெப்பம். வெயில் நேராக விழும் சட்டத்தின் சூடு வேறு. மரநிறத் தாள் ஒட்டிய அடர் பழுப்புச் சட்டம் என்றால் இன்னும் மோசம். கணக்கே போடுகிறேன். ஒன்றரை மீட்டர் சட்டம், 40 டிகிரி சூடு ஏறினால் யுபிவிசி 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அலுமினியம் ஒன்றரைகூட நீளாது. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே இடம் விடாமல் சிமென்ட் அடைத்தால் அந்த 3 மில்லி எங்கே போகும்? வளையும்.

வெள்ளைக்கதவு: இடம் விட்டு மாட்டி, இடுக்கில் சிலிகான் பசை அடிக்கத் தெரியாதவரிடம் வேலை கொடுத்தால் எதுவும்தான் வளையும். என் ஜன்னல் வெள்ளை நிறம், சார். உங்கள் அலுமினியம் யுபிவிசியைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு வெப்பத்தைக் கடத்துகிறது, அதைச் சொல்லவே இல்லையே? சாயங்காலம் சட்டத்தில் கை வைத்துவிட்டு வந்து பேசுங்கள்.

அளவுநாடா: நான் கேட்டது வளையுமா என்று. சுடுமா என்று யார் கேட்டது? வீட்டுக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு கண்ணாடி வழியாக வருகிறது. ஒற்றைக் கண்ணாடியைப் போட்டுவிட்டுச் சட்டத்தில் வெப்பத்தைத் தடுத்தேன் என்பவரிடம் என்ன பேச?

தச்சன்மகன்: இரண்டு பேரும் தேக்கை மறந்துவிட்டீர்கள். காரைக்குடிப் பக்கம் போய்ப் பாருங்கள், பர்மா தேக்கு தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. வளைந்ததா?

அளவுநாடா: தம்பி, அந்தத் தேக்கு இன்று யாருக்குக் கிடைக்கிறது? இப்போது தேக்கு என்று பட்டறையில் தருவதில் பாதி வெளுத்த ஓர மரம். கரையானுக்கு விருந்து. ஐப்பசி மழையில் உப்பிக்கொண்டு ஜன்னல் சாத்தாது, சித்திரையில் இடுக்கு விடும்.

தச்சன்மகன்: மரம் பார்த்து வாங்கத் தெரியாதது மரத்தின் குற்றமா?

கடலோரவாசி: திருவான்மியூரிலிருந்து ஒரு சந்தேகம். எங்கள் அலுமினிய ஜன்னலில் பவுடர் கோட்டிங் உரிந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது, உப்புக்காற்று. ஸ்லைடிங் ட்ராக்கில் தண்ணீர் வடிகிற துளை மண்ணால் அடைத்துக்கொண்டு, மழையில் தண்ணீர் ஹாலுக்குள் வழிகிறது. அறைக்குள் இருப்பது பழைய மர ஜன்னல், கிரில் அந்த மரச் சட்டத்திலேயே திருகியிருக்கிறது. சட்டத்தைப் பெயர்த்தால் கிரிலும் வந்துவிடும், பூச்சும் உதிரும். கிரிலை எதில் பிடிப்பது? யாராவது சொல்லுங்களேன்.

அளவுநாடா: கடலோரத்துக்கு யுபிவிசி சரி என்று வெள்ளைக்கதவு இப்போது ஓடி வருவார். உள்ளே இருக்கும் இரும்பு, கீல், திருகு எல்லாம் துருப்பிடிக்காதா? வளைவது ஒரு பக்கம், துரு ஒரு பக்கம்.

வெள்ளைக்கதவு: கீலும் திருகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்கலாம். ஜெர்மனியில் 1950களிலிருந்து இந்த ஜன்னல் இருக்கிறது, ஐயா.

அளவுநாடா: ஜெர்மனியில் கத்திரி வெயில் எந்த மாதம்?

வெள்ளைக்கதவு: சிமென்ட் தொட்டி நல்லதா பிளாஸ்டிக் தொட்டி நல்லதா இழையிலும் இப்படித்தான். பிளாஸ்டிக் என்றாலே உங்களுக்கு அலர்ஜி. மச்சான் அலுமினியப் பட்டறை வைத்திருப்பதை இங்கே சொல்லிவிட்டுப் பேசலாமே.

அளவுநாடா: பட்டறையை மச்சான் மூடியே விட்டான். அந்தத் தொட்டி இழையில் எனக்குப் பதில் சொல்ல முடியாமல் போனது யார் என்று எல்லாருக்கும் தெரியும். வளையவில்லை என்றால் படம் போடுங்கள்.

வெள்ளைக்கதவு: போட்டாச்சு. மேற்குச் சுவர், ஸ்கேல் வைத்து எடுத்தது. ஸ்கேலுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடுக்கு தெரிகிறதா?

அளவுநாடா: நிழலைப் பார்த்தால் காலையில் எடுத்த படம். சட்டம் குளிர்ந்த பிறகு நேராகத்தானே இருக்கும்? அதிலும் அந்த ஸ்கேல் பிளாஸ்டிக். சட்டமும் ஸ்கேலும் சேர்ந்து வளைந்திருந்தால்?

தச்சன்மகன்: ஸ்கேல் வைத்தா சட்டம் பார்ப்பார்கள்? நூல் பிடிக்க வேண்டும்.

கடலோரவாசி: கிரில்?

அளவுநாடா: நூல் என்றால் எந்த நூல், தம்பி? பருத்தி நூல் ஈரத்தில் நீளம் மாறும். நைலான் என்றால் அதுவும் பிளாஸ்டிக்தான்.