பைக்கோ 2-க்கு மாறலாமா? (மறுபடியும் அந்தப் புல்-டவுன்)

ஈயப்புகை: "ராஸ்ப்பெர்ரி பையின் குட்டிக் கன்ட்ரோலர் போர்டான பைக்கோ 2 வந்த பிறகும் பழைய பைக்கோ வாங்குகிறவன் காசைக் குப்பையில் போடுகிறான்" என்று மேலே ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். ஐயா, அதிலிருக்கும் ஆர்பி2350 சில்லின் ஏ2 பதிப்பில் உள் புல்-டவுனை (பட்டனை விட்டதும் பின்னை 0 வோல்ட்டுக்கு இழுக்க வேண்டிய உள் ரெசிஸ்டரை) நம்பிப் பட்டன் வைத்தால், கையை எடுத்த பிறகும் அந்தப் பின் சுமார் 2.2 வோல்ட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இ9 என்று ராஸ்ப்பெர்ரி பைக்காரர்களே பிழைப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். வெளியே 8.2 கிலோ ஓம் அல்லது அதற்கும் குறைவான ரெசிஸ்டர் வைக்க வேண்டுமாம். ஒரு பட்டனுக்கு இவ்வளவு வைத்தியமா?

மின்மினி32: எழுதியது நான்தான். புல்-அப் (பின்னை மேல் வோல்ட்டேஜுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) போட்டு, பட்டனைக் கிரவுண்டுக்கு மாட்டுங்கள், தீர்ந்தது. 150 மெகாஹெர்ட்ஸ், 520 கிலோபைட் ராம், விலை 5 டாலர். பழைய பைக்கோவில் ராம் 264 கிலோபைட்தான். அந்த ஒரு டாலரை மிச்சம் பிடித்து மாடி வீடா கட்டப் போகிறீர்கள்?

ஈயப்புகை: ராமைப் பற்றி யார் கேட்டது? புல்-டவுன் வேலை செய்யுமா, செய்யாதா?

புதுசுதம்பி: அண்ணா, எல்இடி மேட்ரிக்ஸ் செய்ய எதை வாங்கட்டும்?

செம்புக்கம்பி: பைக்கோ 2-இல் ரிஸ்க்-வி கோர் (ஆர்முக்கு மாற்றான திறந்த வடிவமைப்பு) இருக்கிறதே, அதற்காகவே வாங்கலாம்.

ஈயப்புகை: ஃப்ளோட்டிங் பாயிண்ட் யூனிட் (தசமக் கணக்குப் போடும் பகுதி) அதே சில்லின் ஆர்ம் எம்33 கோரில் மட்டும்தான். ரிஸ்க்-வி பக்கம் போனால் அதுவும் இல்லை. புல்-டவுன் தொல்லை மட்டும் அங்கேயும் அப்படியே!

மின்மினி32: 2025-இல் வந்த ஏ4 பதிப்பில் இ9 சரியாகிவிட்டது. சேதி உங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லையோ?

ஈயப்புகை: ஊருக்கு வந்தது, என் மேசையில் கிடக்கும் மூன்று போர்டுக்கு வரவில்லை. 2024 ஆகஸ்டில் வெளிவந்த சூட்டோடு வாங்கிய ஏமாளி நான். இப்போது கடையில் போய் "ஏ2வா, ஏ4ஆ?" என்று கேட்டால், "பச்சைக் கலர் சார்" என்கிறார்.

பழையகட்டை: இதற்குத்தான் நான் ஏடிமெகா328 என்ற பழைய சில்லை விடுவதில்லை. 2 கிலோபைட் ராமில் தண்ணீர்த் தொட்டி மோட்டார் பத்து வருடமாக ஓடுகிறது.

மின்மினி32: உங்கள் 328-இல் உள் புல்-டவுனே கிடையாது பெரியவரே. ஈயப்புகை அதை மட்டும் ஏன் கேட்கமாட்டார்?

ஈயப்புகை: இல்லாததை அவன் இருக்கிறது என்று சொல்லவில்லையே! இருக்கிறது என்று சொல்லி வேலை செய்யாததுதான் என் எரிச்சல்.

பழையகட்டை: பெரியவரா? எனக்கு நாற்பத்திரண்டு.

மின்மினி32: போன மாதம் ஈஎஸ்பி32 சில்லின் ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக்கும் பகுதி) பற்றி உளறியவரும் இதே ஈயப்புகைதானே?

ஈயப்புகை: அதிலும் நான் சொன்னதுதான் சரி. அதை இங்கே இழுக்காதீர்கள். நாளைக்கு மல்டிமீட்டரை வைத்துப் படம் போடுகிறேன், 2.2 வோல்ட்.

மின்மினி32: புல்-அப் போட்டுவிட்டுப் படம் எடுங்கள்.