பாஸ்ட்ராப் கவுண்டியில் யு.எஸ்.டி.ஏ. கடனுக்குத் தகுதியான வீடு: வரைபடம் முன்னுக்குப் பின் முரணாகக் காட்டுகிறது

புதுமனை:
வணக்கம். டெக்சாஸில், ஆஸ்டினுக்குக் கிழக்கே பாஸ்ட்ராப் கவுண்டியில் வீடு தேடுகிறோம். முன்பணத்துக்குப் போதிய சேமிப்பு இல்லை. அதனால் முன்பணம் கேட்காத யு.எஸ்.டி.ஏ.வின், அதாவது அமெரிக்க வேளாண் துறையின், கிராமப்புற வீட்டுக்கடனைத்தான் நம்பியிருக்கிறோம். எல்ஜின் ஊருக்கு அருகே புதிதாக எழும் குடியிருப்பில் ஒரு வீடு பிடித்திருக்கிறது. யு.எஸ்.டி.ஏ. இணையதளத்தின் தகுதி வரைபடத்தில் அந்த முகவரியைக் கொடுத்தால் தகுதி இல்லை என்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய வீட்டுக்குத் தகுதி உண்டு என்கிறது. தரகரோ "பார்த்துக்கொள்ளலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எதை நம்புவது? கவுண்டி முழுவதற்கும் தகுதியான வீடுகளின் பட்டியல் கிடைக்குமா?

கடன்மேசை:
வீட்டுக்கடன் பிரிவில் வேலை செய்கிறேன். வீடுகளின் பட்டியல் என்று எதுவும் கிடையாது, நண்பரே. தகுதி என்பது அந்த வீடு நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கவுண்டியின் பெயரோ அஞ்சல் குறியீடோ அதைத் தீர்மானிப்பதில்லை. எல்ஜின் ஊரே பாஸ்ட்ராப், டிராவிஸ் என்று இரண்டு கவுண்டிகளில் கால் வைத்திருக்கிறது.

உங்கள் வரைபடக் குழப்பத்துக்கு வருகிறேன். புதுத் தெருக்கள் பல நேரம் முகவரித் தரவில் ஏறியிருக்காது. அப்போது தேடல் பெட்டி பெயர் ஒத்த வேறொரு தெருவைப் பிடித்துக்கொள்ளும். பதிலைப் படிக்கும் முன் குறி எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். வேறு இடத்தில் விழுந்திருந்தால் முகவரியை விட்டுவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, மனை இருக்கும் இடத்தையே நேரடியாகக் குறித்துப் பாருங்கள். நிறம் பூசிய பகுதிதான் தகுதியற்றது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல வீடுகளைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, அந்தத் தளத்தில் கிராமப்புறத் தொழில் கடன்களுக்கும் தனி வரைபடம் உண்டு. அதன் எல்லை வேறு. தனிக்குடும்ப வீட்டுக்கான உத்தரவாதக் கடன் என்ற பகுதியில்தான் இருக்கிறீர்களா என்று பாருங்கள்.

புதுமனை:
மிக்க நன்றி. சரியான பகுதியில்தான் இருந்தேன். ஆனால் குறி ஆஸ்டின் நகரத்துக்குள் போய் விழுந்திருக்கிறது! தெருவின் பெயர் ஒன்றேதான். மனையை நேரடியாகக் குறித்ததும் தகுதி உண்டு என்று வந்துவிட்டது. இனி விலை பேசலாமா?

கடன்மேசை:
அந்தப் படத்தைச் சேமித்துக் கடன் அலுவலருக்கு அனுப்புங்கள். வரைபடம் வழிகாட்டிதான். கடனைத் தருவது வங்கியோ கடன் நிறுவனமோதான், அரசு 90 சதவீதம் வரை அதற்கு உத்தரவாதம் அளிக்கிறது. ஆகவே யு.எஸ்.டி.ஏ. ஒப்புதல் தரும்வரை எதுவும் உறுதியில்லை.

விலை பேசும் முன் வருமானத்தைப் பாருங்கள். பலருடைய விண்ணப்பம் இங்கேதான் நின்றுபோகிறது, வீட்டைத் தேர்ந்த பிறகு அது நேர்வதைப் பார்க்க எனக்கே வருத்தமாக இருக்கும். கடன் உங்கள் பெயரில் மட்டும் இருந்தாலும், அந்த வீட்டில் வாழப்போகும் பெரியவர்கள் அனைவரின் வருமானமும் கணக்கில் சேரும். பொதுவாக வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தில் 115 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆண்டுதோறும் அது மாறும், நால்வர் வரை உள்ள குடும்பத்துக்கு ஒன்று, ஐவர் முதல் எண்மர் வரை உள்ள குடும்பத்துக்கு வேறொன்று. பிள்ளைகள் இருந்தால் கணக்கிடும் வருமானத்தில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளலாம். 12 வயது வரையிலான பிள்ளைகளின் காப்பகச் செலவையும் கழிக்கலாம், ரசீதுகளை எடுத்து வையுங்கள்.

முன்பணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். தொடக்கத்தில் கடன் தொகையில் 1 சதவீதம், பிறகு ஆண்டுக்கு 0.35 சதவீதம் கட்டணம் உண்டு. 2,50,000 டாலர் கடனுக்கு முதலில் 2,500 டாலர், இதைக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம். அடுத்து முதலாண்டில் மாதம் ஏறத்தாழ 73 டாலர்.

பைன்காடு:
பாஸ்ட்ராப் நகரத்துக்கு வெளியே குடியிருக்கிறேன். வீட்டுக் காப்பீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். 2011 செப்டம்பர் காட்டுத்தீயில் இந்தக் கவுண்டியில் 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்துபோயின. லாஸ்ட் பைன்ஸ் காட்டை ஒட்டிய வீடென்றால் காப்பீட்டு நிறுவனங்கள் கூரை என்ன பொருள், மரம் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்றெல்லாம் கேட்கும். எங்கள் வீட்டுக் கூரைமேல் சாய்ந்திருந்த ஒரு கிளையை வெட்டிப் படம் அனுப்பிய பிறகுதான் காப்பீடு கிடைத்தது. ஆழ்துளைக் கிணறு உள்ள வீடானால் தண்ணீர்ப் பரிசோதனைச் சான்றும் கேட்பார்கள்.

புதுக் குடியிருப்பு என்கிறீர்களே, அங்கே நகராட்சிப் பயன்பாட்டு மாவட்ட வரி, அதாவது குடியிருப்பின் தண்ணீர், கழிவுநீர் வசதிகளுக்காக வசூலிக்கும் தனி வரி, இருக்கிறதா என்று விசாரித்தீர்களா? சொத்து வரியோடு அதுவும் மாதத் தவணையில் ஏறிவிடும்.

வழிப்போக்கன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறேன். எனக்கு இந்தக் கடன் கிடைக்குமா?

கடன்மேசை:
கிடைக்காது, தம்பி. குடிமக்களுக்கும், கிரீன் கார்டு உடையவர்கள் போன்ற தகுதிபெற்ற குடியேறிகளுக்கும்தான். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்குச் சில வங்கிகள் வழக்கமான வீட்டுக்கடன் தருகின்றன, ஆனால் அதற்கு முன்பணம் வேண்டும்.

புதுமனை:
எங்கள் இருவருக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. மனைவியின் பகுதிநேரச் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தேன், காப்பகச் செலவைக் கழித்தால் வரம்புக்குள் வந்துவிடுகிறது. பைன்காடு சொன்ன வரி அந்தக் குடியிருப்பில் இருக்கிறது. விற்பனை அலுவலகத்தில் காட்டிய மாதத் தவணையில் அதைச் சேர்க்கவே இல்லை. அந்த வரியையும் சேர்த்துத் தவணையைக் கணக்கிட்டுத் தரும்படி கடன் அலுவலரிடம் கேட்டிருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கத்துப் பழைய வீடும் விற்பனைக்குத்தான் இருக்கிறதாம். சனிக்கிழமை அதையும் போய்ப் பார்க்கப்போகிறோம்.