புதுப்பிப்பு: அண்ணனின் லிம்போமா, மூன்றாவது சுற்று முடிந்தது

அண்ணன் கழுத்தில் இருந்த கட்டி லிம்போமா என்றதும், "இதுவும் லுகேமியாவும் ஒன்றா?" என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். ஒன்றல்ல. லுகேமியா எலும்பு மஜ்ஜையில் தொடங்குகிறது. லிம்போமா நிணநீர் மண்டலத்தில். இரண்டுமே ரத்தப் புற்றுநோய் வகைதான் என்பதால்தான் எனக்குக் குழப்பம்.

21 நாளுக்கு ஒருமுறை கீமோ. டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை ஏற்றிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போனதும் பதறிவிட்டோம், மருந்தின் நிறம்தானாம். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்!

பயந்தது பத்தாம் நாள் இரவில். வெப்பமானியில் 100.6. பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்றார் அண்ணி. கீமோவுக்குப் பிறகு 100.4 தாண்டினாலே அவசரம், மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும் என்று இங்கே ஒருவர் எழுதியது நினைவுக்கு வர, உடனே கிளம்பினோம். தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன. நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். எழுதியவருக்கு நன்றி.

வாய்ப்புண்ணுக்கு மென்மையான பிரஷ்ஷும் உப்புநீர்க் கொப்பளிப்பும் உதவுகின்றன. விரல் மரத்துப்போவதுதான் தொல்லை: சட்டைப் பொத்தானைத் தடவித் தடவி, கடைசியில் என்னிடம் கழுத்தை நீட்டுகிறார். வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தால் வருவதாம், அளவைக் குறைப்பது பற்றி மருத்துவர் அடுத்த வாரம் முடிவு செய்வார்.