படகின் எண்ணெய் டேங்குக்குள் என்ன கிடந்தது? உங்கள் அனுபவத்தையும் போடுங்கள்

இரயுமன்துறைக்காரன்:
பொழியில், அதாவது கடலும் துறையும் சேருகிற வாயில் வைத்து எஞ்சின் நின்றவர்களுக்குத்தான் இது புரியும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாய், ஆவணி மாதம், விடியப்போகிற நேரம். மீனோடு உள்ளே வருகிறோம், பின்னால் அலை எழும்புகிறது. 9.9 குதிரைத்திறன் எஞ்சின் ரெண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. மாமா கயிற்றை இழுக்கிறார். நான் மண்ணெண்ணெய்க் குழாயில் இருக்கிற ரப்பர் பல்பை அமுக்குகிறேன். அமுக்கியது சப்பிப்போய் அப்படியே நிற்கிறது, திரும்ப உப்பவே இல்லை. அந்தச் சப்பின பல்ப் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது. அதற்குள் ஒரு அலை வள்ளத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டது. “லே, பெட்ரோல் கேன்ல மாட்டுலே!” என்று மாமா கத்தினார். ஸ்டார்ட் பண்ண வைத்திருந்த சின்ன கேனில் குழாயைச் செருகினேன், பிடித்துக்கொண்டது.

கரையில் வந்து டேங்கைக் கவிழ்த்தால் உள்ளே ஒரு பழைய வேட்டித் துண்டு. எண்ணெயை வடிகட்டுவதற்கு நாங்களே புனலில் கட்டுகிற துணி! அதை உள்ளே விட்டது யார் என்று வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.

குளச்சல் டிரைவர்:
துணி என்றால் எடுத்துப் போட்டுவிடலாம் மக்கா. பாசிக்கு என்ன செய்வீர்கள்? ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம், எங்கள் விசைப்படகைப் பாதி டீசலோடு கட்டிப் போட்டிருந்தோம். திறப்பு அன்றைக்குத் துறைமுகத்துக்குள் எஞ்சின் ஜம்மென்று ஓடியது. வெளியே போய்ப் படகு ஆட ஆட, அடியில் கிடந்ததெல்லாம் கலங்கி மேலே வந்துவிட்டது. ஆறு மணி நேரத்தில் மூன்று ஃபில்டர். கையில் இருந்ததே மூன்றுதான்.

மூன்றாவதைக் கழற்றும்போது கருப்பட்டிக் கூழ் மாதிரி ஒன்று வழவழவென்று என் முழங்கை வரை வழிந்தது. அழுகின முட்டை நாற்றம். அப்புறம் பழைய ஃபில்டரையே டீசலில் அலசி அலசி மாட்டி, ஒவ்வொரு தடவையும் குழாயில் மாட்டின காற்றை வெளியே எடுத்து, மெல்ல மெல்லக் கரை சேர்ந்தோம். மூன்று நாள் சோறு இறங்கவில்லை எனக்கு.

சின்னமுட்டம் மெக்கானிக்:
குளச்சல் அண்ணே, அது பாசி இல்லை. வெயிலே படாத டேங்குக்குள் பாசி எப்படி முளைக்கும்? பாக்டீரியாவும் பூஞ்சையும். அடியில் தண்ணீர் நின்றால்தான் அது வளரும், தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். பாதி காலியாக விட்டீர்கள், அந்தக் காலி இடத்துக் காற்று ராத்திரியில் வியர்த்துத் தண்ணீராக இறங்கியது. தடைக்காலத்துக்கு முன்னால் டேங்கை நிரப்பி வையுங்கள் என்றால் “காசு முடங்கும்” என்பீர்கள்.

எனக்கும் ஒன்று நடந்தது. புது டேங்கில் வெல்டிங் துகள் கிடந்தது, பம்ப் போச்சு. அதை விடுங்கள். செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டேங்கின் அடிப் பிளக்கைத் திறந்து முதலில் வருகிற எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தெரியும். தண்ணீர் பிரிக்கிற ஃபில்டர் இல்லாத படகு கடலுக்கே போகக் கூடாது. உறிஞ்சு குழாய் டேங்கின் அடியைத் தொடவே கூடாது, ரெண்டு விரல் மேலே நிற்கட்டும். துணியில் வடிகட்டினால் மண் நிற்கும், தண்ணீர் நிற்காது, அதனால் இரயுமன்துறைத் தம்பி அந்தத் துணியை விட்டுவிடுவது நல்லது. குழாயை வாயால் ஊதுகிற பழக்கத்தையும் விடுங்கள். காலி டேங்கில் வெல்டிங் வைக்கிறவர்களே, உள்ளே எண்ணெய் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள், ஆவிதான் வெடிக்கும். அப்புறம் அந்தக் கழிவைத் துறைமுகத் தண்ணீரில் கொட்டாதீர்கள், பிடித்த மீனில் டீசல் மணம் அடித்தால் ஏலத்தில் யார் எடுப்பார்?

இரயுமன்துறைக்காரன்:
அண்ணே, நான் வாயால் ஊதினேன் என்று எங்கே சொன்னேன்? பொழியில் நிற்கும்போது பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி வைக்க முடியுமா?

முட்டம் வள்ளக்காரி மகன்:
எங்கள் டேங்கில் கிடந்தது உத்தரியம், கிறிஸ்தவர்கள் காவலுக்குக் கழுத்தில் போடுகிற நூல் கோத்த துணித்துண்டு. அம்மாச்சி அதைக் கோவிலில் மந்திரித்து வாங்கி, படகுக்குக் காவலாக இருக்கட்டும் என்று டேங்க் மூடியின் கழுத்தில் கட்டி வைத்திருந்தார். உப்புக்காற்றில் நூல் இற்றுப்போய், எண்ணெய் ஊற்றும்போது உள்ளே விழுந்திருக்கிறது, ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு வாரம் எஞ்சின் வேகம் கூட்டினால் நிற்கும், கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் பண்ணினால் ஓடும். உறிஞ்சும்போது குழாய் வாயில் ஒட்டிக்கொள்ளும், எஞ்சின் நின்றதும் விழுந்துவிடும், அதுதான் கதை. கடைசியில் கம்பியை வளைத்து விட்டு அப்பா வெளியே இழுத்தார். சொட்டச் சொட்ட அது வந்தபோது யாரும் பேசவில்லை. அப்பா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு அதைப் பிழிந்து ஸ்பானர் பெட்டியில் வைத்தார். “உத்தரியம் இருக்குதா மக்கா?” என்று அம்மாச்சி கேட்டால், “படகில்தான் இருக்கு” என்கிறோம்.

சின்னமுட்டம் மெக்கானிக்:
கட்டின நூல் நைலானா, பருத்தியா?