பந்தியில் காலிஃபிளவர் வறுவல்: ஒரு பிள்ளைக்காக எண்ணெயை மாற்றச் சொல்லலாமா?

கானாடுகாத்தான் மருமகள்:
ஆவணியில் எங்க மாமனார் மாமியாருக்கு சாந்தி கல்யாணம், அதான் அறுபதாம் கல்யாணம். மதியப் பந்தியில் காலிஃபிளவர் மிளகு வறுவல்னு முடிவாயிருக்கு. என் மகனுக்கு ஏழு வயசு. நிலக்கடலையும் முந்திரியும் அவனுக்கு ஆகாது. போன வருஷம் ஒரு விசேஷத்தில் காலிஃபிளவரை "வெறும் பூதானே"ன்னு ரெண்டு துண்டு சாப்பிட்டான். பத்து நிமிஷத்துக்குள்ள உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு இழுக்க ஆரம்பிச்சது. ஆஸ்பத்திரியில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் சீரானது. பிறகு விசாரிச்சா, முந்திரி பக்கோடா பொரிச்ச எண்ணெயிலேயே பூவையும் போட்டிருக்காங்க. எண்ணெயும் செக்குக் கடலை எண்ணெய்.

இந்தத் தடவை நான் கேக்கறது மூணே மூணு: வறுவலுக்குத் தனிச் சட்டி, வேற எண்ணெய், மசாலாவில் முந்திரி வேண்டாம். "முந்நூறு இலை போடுற இடத்தில் ஒரு பிள்ளைக்காக மாத்தணுமா"ன்னு வீட்டில் ஒரு பேச்சு ஓடுது. நீங்க சொல்லுங்க.

கோட்டையூர் ஆச்சி:
பிள்ளை நல்லா இருக்கணும், அதுதான் முதல்ல. ஆனா பந்தி பொது. அவனுக்கு மட்டும் வீட்டில ஆக்கி ஒரு தூக்குல கொண்டாந்து வச்சுக்கிட்டா ஆச்சு. எங்க அப்பத்தா காலத்தில வளவு நெறைய இலை போடுவாக, கடலை ஆகாதுன்னு ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. செக்கெண்ணெயில சோம்பும் கறிவேப்பிலையும் பொரியிற மணம் இல்லாம அது என்ன வறுவல்? நாம தலைமுறையாச் சாப்பிடுற எண்ணெயை ஆகாததுன்னு சொல்றது எனக்கு மனசுக்கு ஒப்பலை.

தேவகோட்டை நர்ஸ்:
ஆச்சி, எண்ணெய் கெட்டதுன்னு யாரும் சொல்லலை. இந்தப் பிள்ளைக்கு ஆகாது, அவ்வளவுதான். அலர்ஜியைக் கிளப்புறது கடலையில் இருக்கிற புரதம், கொழுப்பு இல்லை. செக்கில் ஆட்டி அப்படியே வடிகட்டுற எண்ணெயில் அந்தப் புரதம் கொஞ்சம் தங்கிடும். நல்லாச் சுத்திகரிச்ச எண்ணெயில் கிட்டத்தட்ட இருக்காது. அமெரிக்காவில் 2004-இல் வந்த ஒவ்வாமை லேபிள் சட்டமே நல்லாச் சுத்திகரிச்ச எண்ணெய்க்கு மட்டும்தான் விலக்குக் கொடுத்திருக்கு. "கொதிக்கிற எண்ணெயில் எல்லாம் செத்துடும்"னு பலர் நெனைக்கிறாங்க, அது கிருமிக்குத்தான் பொருந்தும். கடலைப் புரதம் சூட்டுக்கு அசையாது. வறுத்த கடலை பச்சைக்கடலையை விட அதிகமாவே அலர்ஜியைத் தூண்டும்.

பள்ளத்தூரான்:
நர்ஸம்மா சொல்றது சரியா இருக்கலாம். ஆனா பொத்திப் பொத்தி வளர்க்கறதாலதான் இது வருதுன்னு நான் நெனைக்கிறேன். 2015-இல் லண்டனில் நடந்த ஆய்வில், கைக்குழந்தையிலேயே கடலை கொடுத்து வந்தவங்களுக்கு அஞ்சு வயசில் கடலை அலர்ஜி ரொம்பவே கொறஞ்சிருந்ததே. கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்துப் பழக்கக் கூடாதா?

தேவகோட்டை நர்ஸ்:
தம்பி, தயவுசெஞ்சு இதை யாரும் வீட்டில் செய்யாதீங்க. அந்த ஆய்வில் இருந்த 640 பேரும் 4 முதல் 11 மாதக் குழந்தைங்க. தோல் பரிசோதனையில் பெருசாத் தடிச்ச குழந்தைகளை ஆரம்பத்திலேயே சேர்க்கலை. அது அலர்ஜி வராம தடுக்கிற வழி, வந்ததை ஆத்துற வழி இல்லை. ஒரு தடவை மூச்சு அடைச்ச பிள்ளைக்கு வீட்டில் துளித் துளியாக் கொடுத்துப் பாக்கறது உயிரோட விளையாடறது. பழக்கற சிகிச்சைன்னு ஒண்ணு இருக்கு, அதை டாக்டர் பக்கத்தில் இருந்து ஆஸ்பத்திரியில்தான் தொடங்குவாங்க.

புதுவயல் சமையல்காரர் மகன்:
எங்க அப்பா நாப்பது வருஷமா விசேஷத்துக்கு ஆக்குறவர், நானும் அவர்கூட நிக்கிறேன். அடுப்படியில் நடக்கிறதை அப்படியே சொல்றேன்.

தனிச் சட்டி வைக்கறது பெரிய காரியமே இல்லை. இந்த வறுவலுக்கு எண்ணெயில் முக்கிப் பொரிக்கணும்னும் கிடையாது. பூவை உதிர்த்து மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் அஞ்சு நிமிஷம் போட்டா புழு மேல வந்துரும். நல்லா வடிச்சு, சோம்பு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், தட்டின பூண்டு தாளிச்சுப் பூவைப் போட்டு வதக்கி, கடைசியில் மிளகு சீரகப் பொடி தூவணும். இதில் முந்திரிக்கு வேலையே இல்லை. மாவு தோய்ச்சுப் பொரிக்கிற கடைப் பழக்கம் பந்திக்கு வந்த பிறகுதான் மைதா, சோளமாவு, சில இடத்தில் முட்டை, சோயா சாஸ் எல்லாம் உள்ள வந்தது. கோதுமை ஆகாதவங்களுக்கு இன்னொண்ணும் சொல்லணும். கடையில் விக்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். ஒரு சிட்டிகைதானேன்னு யாரும் கணக்கில் எடுக்கறதில்லை.

ஆனாலும் நான் ஆச்சி பக்கம்தான் கொஞ்சம் சாயறேன். சட்டியைத் தனியா வச்சிருவோம், அதுக்கப்புறம்? ஜல்லிக்கரண்டி ஒண்ணு, மூணு சட்டிக்குப் போகும். பரிமாறுற பையன் குருமாக் கரண்டியையே வறுவல் வாளியில் விட்டு அள்ளுவான். அந்த நெரிசலில் நான் வாக்குக் கொடுத்தா அது பொய்.

கானாடுகாத்தான் மருமகள்:
அண்ணே, நேராச் சொன்னதுக்கு நன்றி. தூக்கில் கொண்டு போறதை நான் செய்யாமல் இல்லை, ரெண்டு வருஷமா அதைத்தான் செய்யறேன். அவன் தூக்கைத் திறந்து சாப்பிட்டாலும் பக்கத்து இலை ஒரு முழத்தில் இருக்கு. சித்தப்பா மகன் பாசத்தில் "இந்தா, ருசி பாரு"ன்னு ஒரு துண்டு எடுத்து வச்சா அவன் தின்னுருவான். ஏழு வயசுப் பிள்ளைதானே. அந்தப் பக்கத்து இலைத் துண்டும் அவனுக்கு ஆகிறதா இருக்கணும்னுதான் பொதுவில் மாத்தச் சொல்றேன். பூதான் அவன் ஆசையாக் கேக்கற ஒரே காய், கை அங்கதான் முதல்ல போகும்.

பள்ளத்தூரான்:
அப்ப நாளைக்கு இன்னொருத்தர் கடுகு ஆகாதுன்னு வருவார். காலிஃபிளவரே கடுகுக் குடும்பம். அவருக்காகப் பூவையே எடுத்துருவீங்களா? ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணா எடுத்தா இலையில் சோறும் உப்பும்தான் மிஞ்சும்.

தேவகோட்டை நர்ஸ்:
நீங்க சொல்ற மாதிரி ஆளுங்க இருக்காங்க. காலிஃபிளவர் அலர்ஜி அபூர்வம், இருந்தாலும் கடுகு ஆகாத சிலருக்கு இதுவும் ஒத்துக்காது. ஐரோப்பாவில் பாக்கெட்டில் கட்டாயம் எழுதவேண்டிய 14 பொருளில் கடுகும் ஒண்ணு. நம்ம நாட்டு 2020 லேபிள் விதியில் கடுகு இல்லை. நிலக்கடலை, முந்திரி மாதிரிக் கொட்டைகள், பால், முட்டை, மீன், சோயா, கோதுமையெல்லாம் இருக்கு. வரப்போறவருக்காக இப்பவே எல்லாத்தையும் எடுக்க வேண்டாம். மூச்சு அடைக்கிற அளவுக்கு ஆகாதது யாருக்காவது இருக்கான்னு அழைக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டா போதும்.

குன்றக்குடி வாத்தியார்:
என் கவலை வறுவல் சிவப்பாத் தெரியறதுக்குப் போடுற கலர்ப் பொடி. கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் கூடாதுன்னு 2024 மார்ச்சில் கர்நாடக அரசே தடை போட்டது. அலர்ஜி வேற, இது வேற, தெரியும். ஆனா வறுவலைப் பத்திப் பேசும்போது இதையும் சமையல்காரரிடம் சொல்லிருங்க.

கோட்டையூர் ஆச்சி:
பக்கத்து இலையை நான் யோசிக்கலைத்தா. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அப்ப வறுவலுக்கு மட்டும் நல்லெண்ணெய் ஊத்தச் சொல்லு, எள்ளு அவனுக்கு ஒத்துக்குமா? செக்குல ஆட்டினதாவே இருக்கட்டும்.

கானாடுகாத்தான் மருமகள்:
எள்ளு ஒத்துக்கும் ஆச்சி, இட்லிப் பொடிக்குத் தினமும் ஊத்திக்கறான்.

புதுவயல் சமையல்காரர் மகன்:
ஆச்சி, அங்கதான் ஒரு சிக்கல். நம்ம ஊர்ச் செக்கில் முதல்ல கடலை ஆட்டுவாங்க, அடுத்து அதே உரலில் எள்ளைக் கொட்டுவாங்க. அந்த நல்லெண்ணெயில் கடலை ஒட்டியிருக்கும். வீட்டில் அவன் சாப்பிடறது எந்த எண்ணெய்னு கேட்டுக்கங்கத்தா.

கானாடுகாத்தான் மருமகள்:
பாக்கெட் எண்ணெய் அண்ணே. செக்கு நல்லெண்ணெய்க்கு மாறலாம்னு போன மாசம்தான் பேசிக்கிட்டிருந்தோம். கை காலெல்லாம் நடுங்குது.

கோட்டையூர் ஆச்சி:
சுத்திகரிச்ச சூரியகாந்தியே ஊத்துங்க. மணத்துக்குச் சோம்பைக் கூடப் போட்டுக்கலாம். குருமாவில முந்திரி இருக்கட்டும், அதை நான் விட்டுக் கொடுக்கமாட்டேன்.

பள்ளத்தூரான்:
குருமா அவன் பக்கத்து இலைக்கும் வருமே, ஆச்சி.

கானாடுகாத்தான் மருமகள்:
வரும். அந்த வரிசைக் கடைசியில் அவனை உக்காரவச்சு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சுவர். குருமா வாளி வந்தா நான் கையை நீட்டி மறிச்சுக்கறேன்.

தேவகோட்டை நர்ஸ்:
ஊசிக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும், எந்த வண்டின்னு முதல் நாளே முடிவு பண்ணிருங்க. மூச்சு இழுத்தா அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே கிளம்பணும்.

புதுவயல் சமையல்காரர் மகன்:
யார் ஆக்கினாலும் அவர்கிட்ட இதைச் சொல்லுங்க: அடுப்பு மூட்டினதும் முதல்ல ஏறுறது வறுவல் சட்டிதான், கடலை எண்ணெய் டின் திறக்கறதுக்கு முன்னாடி. இறக்கினதும் உங்க பிள்ளைக்கு உள்ளதை எடுத்து மூடி வச்சிரணும். சட்டியும் கரண்டியும் உங்க வீட்டுதாவே இருக்கட்டும். காலையில் அஞ்சு மணிக்கே கொண்டு போய் அவர் கையில் கொடுத்துருங்க.