விர்காவுக்குத் தமிழ்ச் சொல்: எட்டாமழையா, முகில்விழுதா?

அல்சூரிலிருந்து:

வணக்கம். பெங்களூரு வார வானிலைக் குறிப்பின் ஏப்ரல் பக்கத்தில் ஒரு சொல் இடறுகிறது. முகிலிலிருந்து இறங்கும் மழை பாதி வழியிலேயே ஆவியாகிவிடும் காட்சியை ‘விர்கா’ என்றே எழுதி வருகிறோம். கலைச்சொல் பட்டியலில் ‘எட்டாமழை’ என்று சேர்க்கலாமா? சின்னச் சொல், கேட்டதும் புரிகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.

ஜீவன்பீமாநகரிலிருந்து:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் வானிலைக் குறிப்பில் போட்டால் ஆபத்து. ‘எட்டாமழை’ என்று படித்தவர், தரைக்கு எதுவும் வராது என்று நினைத்துக்கொள்வார். மழை வராது, சரி. காற்று வருமே!

ஏப்ரல் மாலையில் இங்கே வெப்பம் 34 டிகிரி, பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 14 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே உள்ள ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர் என்பது திரள்முகிலின் அடிமட்ட உயரத்துக்கான கைக்கணக்கு. 20 டிகிரிக்கு 2,500 மீட்டர். அரை மில்லிமீட்டர் துளி நொடிக்கு 2 மீட்டர்தான் விழும். இவ்வளவு தூரம் இறங்க அதற்கு இருபது நிமிடம் வேண்டும். அதுவரை உலர்ந்த காற்றில் அது தாங்காது. 2 மில்லிமீட்டர் துளி ஆறரை நிமிடத்தில் வந்துவிடும், கொஞ்சம் இளைத்திருக்கும், அவ்வளவுதான். ஒரே முகிலின் கீழே ஒரு தெருவில் நாலு பெருந்துளி தெறித்து, அடுத்த தெரு காய்ந்து கிடப்பது இதனால்தான்.

ஆவியான தண்ணீர் சும்மா போவதில்லை. ஒரு கிலோ காற்றில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் அந்தக் காற்று ஏறத்தாழ 2.5 டிகிரி குளிரும். குளிர்ந்த காற்று கனத்து இறங்கும், தரையில் மோதி நாலாபுறமும் விரியும். முகிலடி எவ்வளவு உயரமோ, துளி எவ்வளவு ஆவியாகிறதோ, இறக்கம் அவ்வளவு வலுக்கும். மழைத்துளி ஒன்றுகூட விழாமல் கிளை முறிவது இந்தக் காற்றால்தான். இந்த நிகழ்வுக்கு ‘எட்டா’ என்று பெயர் வைப்பது எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்று: மேல்மட்ட முகிலில் இறங்குவது பல நேரம் பனிப்படிகம், மழையே அல்ல. ஆகவே பெயரில் ‘மழை’ வேண்டாம்.

என் பரிந்துரை ‘முகில்விழுது’. முகிலின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் தொங்கி, கீழே போகப் போக மெலிந்து, நுனி பிசிறி நிற்கும் அந்தக் காட்சிக்கு ஆலம்விழுதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. லத்தீனில் விர்கா என்றால் குச்சி, சிறுகிளை. அவர்களும் மரத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். வினையும் கையோடு கிடைக்கிறது: ‘முகில் விழுது விட்டிருக்கிறது’. ‘எட்டாமழை பெய்தது’ என்று எழுதிப் பாருங்கள், சொல்லே தன்னை மறுக்கிறது.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

அம்மா, இரண்டு ஐயம். விழுது என்றால் பலருக்கு இஞ்சி பூண்டு விழுதுதான் முதலில் நினைவுக்கு வரும். அடுத்து, ஆலம்விழுது கடைசியில் மண்ணில் ஊன்றிவிடுமே. மைசூரு சாலைப் பக்கம் உள்ள பெரிய ஆலமரம் அடிமரம் அழிந்தபின்னும் ஊன்றிய விழுதுகளால்தான் நிற்கிறது. தரைக்கே வராத ஒன்றுக்கு அந்தப் பெயர் பொருந்துமா?

ரேடார் படத்தில் இதைப் பிரித்தறிய வழி உண்டா என்றும் சொல்லுங்கள். படத்தில் மழைக்கான பச்சை காட்டுகிறது, மொட்டை மாடியில் துணி நனையவில்லை என்ற புகார் ஒவ்வொரு கோடையிலும் வருகிறது.

ஜீவன்பீமாநகரிலிருந்து:

சமையல் விழுதோடு குழம்பாது. ‘முகில்’ முன்னால் நிற்கிறது. சேர்த்தே எழுத வேண்டும், இடைவெளி விட்டால் தேடலில் சிதறும்.

ஊன்றுவது பற்றி நீங்கள் சொன்னது எனக்குச் சாதகம்தான்! முதலில் விழும் துளிகள் ஆவியாகி வழியில் உள்ள காற்றை ஈரமாக்கிக் குளிர்விக்கின்றன. பின்னால் வரும் துளிகளுக்கு இழப்பு குறைகிறது. முகிலில் சரக்கு இருந்தால் சற்று நேரத்தில் மழை தரையைத் தொட்டுவிடும். ‘எட்டாமழை’ என்று அறிவித்தால் அப்போது பெயர் பொய்யாகிவிடும். விழுது என்றால் ‘விழுது ஊன்றியது’ என்று தொடர்ந்து எழுதலாம். தரை தொடும் பொழிவுக்கு முகில் வகைப்பாட்டில் தனிப்பெயர் இருக்கிறது. அதற்கு ‘ஊன்றுவிழுது’ என்று வைத்தால் இரண்டும் இணையாகும்.

ரேடார் மட்டும் போதாது. சென்னை ரேடார் இங்கிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர். ரேடார் கதிரைக் கிடைமட்டத்திலிருந்து 0.5 டிகிரி மட்டும் உயர்த்தி விட்டாலும், புவி வளைவையும் சேர்த்தால் பெங்களூரு வரும்போது அது கடல்மட்டத்திலிருந்து 7 கிலோமீட்டருக்கு மேலே போய்விடும். முகிலின் உச்சிப் பகுதி தெரியும், அடியில் நடப்பது தெரியாது. கண்ணால் பார்ப்பதே நல்லது: தொங்கும் துளித் திரைக்குக் கீழே தொடுவானம் தெளிவாகத் தெரிந்தால் விழுது, பின்னால் உள்ள கட்டடங்கள் மறைந்தால் ஊன்றிவிட்டது. விழுது வளைந்திருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஆவியாகிச் சிறுத்த துளி மெதுவாக விழுவதாலும், உயரத்துக்கு உயரம் காற்று மாறுவதாலும் அப்படி வளைகிறது.

அல்சூரிலிருந்து:

ஏற்கிறேன். ‘எட்டாமழை’யைத் திரும்பப் பெறுகிறேன். பட்டியலில் இப்படிப் போகிறது:

முகில்விழுது (பெயர்ச்சொல்): முகிலடியிலிருந்து தொங்கி, தரை தொடும் முன் ஆவியாகும் துளி அல்லது பனிப்படிகத் திரை. வினை: விழுது விடுதல்.

இந்த வாரக் குறிப்பில்: “வியாழன், வெள்ளி மாலைகளில் முகில்விழுது தென்படலாம். தரை நனையாவிட்டாலும் திடீர்க் காற்று வீசும். மரத்தடியில் வண்டி நிறுத்த வேண்டாம். மாடியில் தகரம், பூந்தொட்டி இருந்தால் நான்கு மணிக்குள் இறக்கி வையுங்கள்.”

‘ஊன்றுவிழுது’ பற்றி மட்டும் இன்னும் ஒரு வாரம் பேசலாம். அதற்கு ‘மழைத்தாரை’ போதாதா என்று தோன்றுகிறது.